உடம்புச் சூடு

கொசு கடிப்பது நின்றுபோனதை அம்சவள்ளி முதலில் நல்லதாகத்தான் எடுத்துக்கொண்டாள்.

அரியலூரிலிருந்து சுண்ணாம்புச் சுரங்கத்துக்குப் போகிற சாலையில், ஊர் முடிந்து வேலிக்காத்தான் முள்காடு ஆரம்பிக்கிற இடத்தில் இருந்தது அவளுடைய வாடகை வீடு. கொல்லைக்குப் பின்னால் கைவிடப்பட்ட பழைய குழி ஒன்றில், எண்பத்து மூன்றாம் வருஷத்து வறட்சியிலும் வற்றாமல், பாசி பிடித்த தண்ணீர் கொஞ்சம் கிடந்தது. விளக்கு வைக்கிற நேரத்தில் அதிலிருந்து கொசு கிளம்பினால் புகை எழும்புவது போலிருக்கும். வேப்பிலை மூட்டம் போட்டு, போர்வையை இழுத்து மூடி, அப்படியும் காலையில் கணுக்கால் முழுக்கத் தடிப்போடுதான் எழுந்திருப்பாள். இப்போது அந்த ரீங்காரம் காதோரம் வந்தது, நெருங்கியது, ஒரு கணம் தயங்கியது, பிறகு விலகிப் போனது. வேண்டுமென்றே கையை நீட்டிப் பார்த்தாள். ஒரு கொசு வந்து முழங்கையில் உட்கார்ந்தது. சுவரில் உட்காருகிற மாதிரி, எந்த நோக்கமும் இல்லாமல் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுப் பறந்து போயிற்று.

இதைச் சொல்லிச் சிரிக்க வீட்டில் யாரும் இல்லை. அப்பாவும் அம்மாவும் மீன்சுருட்டியில் அடுத்தவர் வயலில் நடவு நட்டு, கதிர் அறுத்து, அவளை எம்.எஸ்சி. வரை படிக்க வைத்துவிட்டு, ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்திருந்தார்கள். கல்யாணப் பேச்சு வந்த காலத்தில் வேலை கிடைக்கவில்லை. வேலை கிடைத்த காலத்தில் பேச்சு வரவில்லை. கல்லூரியில் விலங்கியல் ஆசிரியை. கோடை விடுமுறைக்குக் கல்லூரியைப் பூட்டியதும், அவளை 'மேடம்' என்று கூப்பிடவும் ஆள் இல்லாமல் போயிற்று.

அவளுக்கு மிச்சம் இருந்தவை ஓணான்கள்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், வேலியோரத்தில் ஒரே குழியிலிருந்து எடுத்த முட்டைகள். பொரிந்த குஞ்சுகளை இரண்டாகப் பிரித்தாள். பாதியைக் கொல்லையில் தகரம் வேய்ந்த கொட்டகையில் விட்டாள். மீதியை வீட்டுக்கு நடுவில், ஜன்னலே இல்லாத, முழ அகலச் சுவர் வைத்த பழைய தானிய அறையில் வைத்தாள். அந்த அறையில் ஒரு தகரத் தொட்டி. அதில் எப்போதும் ஐஸ். ஓணானுக்கென்று சொந்தச் சூடு கிடையாது. வெளியே என்ன சூடோ அதுதான் அதன் இரத்தத்திலும். கொட்டகை ஓணான்கள் வேகமாகத் தின்றன, வேகமாக வளர்ந்தன, இணை சேர்ந்தன, இந்தச் சித்திரைக்குள் தோல் சுருங்கி, கண் கலங்கி, கிளையைப் பிடிக்கவும் திராணியற்றுப் போயின. ஐஸ் அறையில் இருந்தவை இன்னும் விரல் நீளக் குஞ்சுகள். செத்தவற்றின் ஈரலைச் சீவி மைக்ராஸ்கோப்பில் வைத்தால் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் பழுப்புத் துகள்கள், எண்ணெய்ச் சட்டியின் அடியில் கசடு படிந்தாற்போல. முதுமை அப்படித்தான் செல்லுக்குள் சேர்ந்துகொண்டே போகும். குளிரில் இருந்தவற்றின் செல்கள் கழுவிவைத்த கண்ணாடி மாதிரி தெளிந்திருந்தன.

பங்குனிக் கடைசியில் அவளுக்குக் கடுமையான காய்ச்சல் வந்தது. தண்ணீர் கொடுக்கக்கூட ஆள் இல்லை. உடம்பு எரிந்த எரிச்சலில் தவழ்ந்து போய் ஐஸ் அறையின் தரையில் படுத்துவிட்டாள். விழித்தபோது குஞ்சுகள் எல்லாம் கூண்டை விட்டு வந்து அவள் மேல் இருந்தன. வயிற்றில், கழுத்துக் குழியில், அக்குளில், அவள் சூட்டுக்கு ஒட்டிக்கொண்டு, ஓணானுக்கே உரிய விதமாகக் கீழ் இமையை மேலே ஏற்றிக் கண்ணை மூடிக் கிடந்தன. அருவருப்பு வரவில்லை. எத்தனையோ காலத்துக்குப் பிறகு ஓர் உயிர் தன்மேல் சாய்ந்து தூங்குகிறது என்பதில் அவளுக்குக் கண் கலங்கியது. அவற்றைத் தள்ளிவிடாமல் அப்படியே மறுபடியும் தூங்கிப் போனாள். எழுந்தபோது காய்ச்சல் சுத்தமாக விட்டிருந்தது.

கொசு கடிக்காமல் போனது அதற்குப் பிறகுதான்.

பக்கத்து வீட்டில் ஷரீபா இருந்தாள். லெப்பைக்குடிக்காட்டுப் பெண். புருஷன் சார்ஜாவில். கைக்குழந்தை சுல்தானாவோடு அவளும் ஏறக்குறையத் தனிதான். அதனால் இருவருக்கும் மதில் வழியே ஒரு பழக்கம் உண்டாகியிருந்தது. ஒருநாள் விடியற்காலையில் துணி உலர்த்தும்போது, "டீச்சர், இவளக் கொஞ்சம் புடிங்க" என்று குழந்தையை மதிலுக்கு மேலாக நீட்டினாள்.

அம்சவள்ளி வாங்கிக்கொண்டாள். குழந்தை அவளைப் பார்த்துச் சிரித்தது. அடுத்த நொடி முதுகை வில்லாக வளைத்து வீறிட்டது. நீலம் பாய்கிற அளவுக்கு அழுதது.

ஷரீபா பதறிப்போய்த் திரும்ப வாங்கினாள். வாங்கும்போது இருவர் விரல்களும் பட்டன.

"யா அல்லா! என்னா டீச்சர், கையி இப்புடிச் சில்லுன்னு கெடக்கு? ராத்திரி பூரா அந்த ஐஸ் ரூம்புலயேவா படுத்துக் கெடந்தீங்க?"

"ஆமா ஷரீபா. வெக்க தாங்கல."

அவள் முந்தின நாள் காலையிலிருந்து அந்த அறைப் பக்கமே போகவில்லை.

உள்ளே வந்து, கூண்டுகளுக்கு வைத்திருந்த நீளக் கண்ணாடித் தெர்மாமீட்டரைக் கழுவி நாக்குக்கு அடியில் வைத்தாள். இருபத்தொன்பது. உதறிவிட்டு மறுபடி வைத்தாள். இருபத்தொன்பது. சுவரில் தொங்கியதைப் பார்த்தாள். அதுவும் இருபத்தொன்பது. பாதரசம் கெட்டிருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

உச்சிப்பொழுதில் மறுபடியும் வைத்துப் பார்த்தாள். வெளியே தார்ச்சாலை இளகும் வாசனை. சுரங்க லாரி எழுப்பிவிட்ட வெள்ளைப் புழுதி இறங்குவதற்கு மனமில்லாமல் வெயிலில் நின்றுகொண்டிருந்தது. காக்கை கரைவதுகூட நின்று, கொட்டகைத் தகரம் மட்டும் சூட்டில் விரிந்து டிக், டிக் என்று தெறித்துக்கொண்டிருந்தது. நாக்குக்கு அடியில் நாற்பத்தொன்று. சுவரிலும் நாற்பத்தொன்று. அந்தக் காய்ச்சலில் ஒரு மனுஷி பிதற்ற வேண்டும். அவளுக்கோ உடம்பு இறகாக இருந்தது. நெற்றியில் ஒரு துளி வியர்வை இல்லை. காதுக்குள் இதயம் ஓட்டமும் நடையுமாக அடித்தது. பசித்தது. பானையில் இருந்ததை நின்றவாக்கிலேயே தின்று தீர்த்தாள். அப்படியும் பசித்தது.

தீனி வைக்கக் கொட்டகைக்குப் போனபோது, மிச்சமிருந்த கிழட்டு ஓணான் ஒன்று அவளைக் கண்டு ஓடவில்லை. மெல்ல ஊர்ந்து வந்து அவள் முன்கையில் ஏறியது. வெயிலில் காய்ந்த பாறைமேல் படுக்குமே, அதே போல வயிற்றைப் பரப்பிப் படுத்துக்கொண்டது.

கையை உதறிவிட்டு ஓடிவந்தாள்.

யாரிடம் சொல்வது? சொன்னால் என்னவென்று சொல்வது? ஷரீபா தொடாமல் இருந்திருந்தால் இது அவளுக்கே தெரிந்திருக்காது. அதற்கு முன் கடைசியாக ஒரு மனுஷக் கை தன்மேல் பட்டது எப்போது என்று யோசித்துப் பார்த்தாள். நினைவுக்கு வரவில்லை. அதுதான் அவளை உட்காரவைத்தது.

கத்திரி வெயில் ஏற ஏற, கண்ணாடியில் இருந்தவள் மாறினாள். காதோரம் ஒரு நரை. இரண்டு நாளில் வகிடு முழுக்க நரை. காலையில் வெட்டிய நகம் மாலைக்குள் வளர்ந்து துணியில் மாட்டியது. புறங்கைத் தோலைக் கிள்ளி விட்டால் கிள்ளியபடியே மடிந்து நின்றது. ஒருநாள் சாயங்காலம் கன்னத்தின் உள்பக்கத்தைக் குச்சியால் சுரண்டி, ஸ்லைடில் தேய்த்து, மைக்ராஸ்கோப்பில் குனிந்தாள். வெகுநேரம் நிமிரவில்லை. பிறகு செத்த ஓணானின் ஸ்லைடைப் பக்கத்தில் வைத்து மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

பழுப்புத் துகள்கள். இதிலும். அதிலும். இதில் கொஞ்சம் அதிகம்.

மறுநாள் வைத்தியத்துக்குத் திருச்சிக்குப் போய்விடுவது என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். விடியற்காலைக் குளிர்ச்சியில் கைகால் மரத்துப்போய், எழுந்து சேலை கட்டவே நேரம் பிடித்தது. சாலைக்கு வரும்போது வெயில் ஏறிவிட்டிருந்தது. பஸ் ஸ்டாண்டு போகும் வழியில் பாதி தூரம்கூடப் போகவில்லை. முதுகு தானாக வளைந்தது. முழங்கால் தேய்ந்து கரகரத்தது. புளியமரத்தடியில் நின்று மூச்சு வாங்கியபோது வாய்க்குள் ஏதோ கல் போல உருண்டது. துப்பினாள். உள்ளங்கையில் ஒரு பல். இரத்தமே இல்லாமல், கனிந்த பழம் காம்பிலிருந்து கழல்கிற மாதிரி கழன்று வந்திருந்தது.

நிழல் நிழலாகத் தடவிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினாள்.

வாசலில் சைக்கிள் நின்றது. ஐஸ் கொண்டுவரும் தாஜுதீன், மரத்தூளும் சாக்கும் சுற்றிய ஐஸ் பாரைக் கேரியரிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தான். வருஷக் கணக்காக வருகிறவன். தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தான். முகத்தில் மரியாதை வந்தது. அறிமுகம் வரவில்லை.

"வாங்கம்மா. டீச்சரோட அம்மாவுங்களா? மொகச்சாடை அப்புடியே இருக்கு. எப்ப வந்தீங்க?"

அவள் கதவைப் பிடித்துக்கொண்டாள். நான்தான் தாஜுதீன், நான்தான் டீச்சர் என்று சொல்ல வாயைத் திறந்தாள். பல் போன இடத்தில் நாக்கு தட்டியது.

"நேத்துதாம்ப்பா."

"டீச்சர் இல்லீங்களா?"

"மெட்ராஸ் போயிருக்கா. வர நாளாவும்." குரல் அவளுடைய அம்மாவின் குரலாகவே இருந்தது. "நீ ஐஸ மட்டும் நிறுத்திடாத, தம்பி. தினம் ரெண்டு பாரா கொண்டாந்து அந்த ரூம்புலயே போட்டுட்டுப் போ. நான் தூங்குனாலும் எழுப்பாத."

"சரிங்கம்மா. நீங்க சூதானமா இருங்க. வெயிலு ஆளையே உறிஞ்சிப்புடுது."

அன்று உச்சி வெயில் வருவதற்குள் அவள் ஐஸ் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அவள் யோசித்து எடுத்த முடிவுதான் அது. சூட்டில் போகிற உயிர் குளிரில் நிற்கும். அவளே நிரூபித்தது. கத்திரி முடியட்டும், ஒரு மழை விழட்டும், அதுவரைக்கும் இங்கே. சுவரில் சாய்ந்து, கால் நீட்டி, தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சுண்ணாம்பும் ஈர மரத்தூளும் கலந்த வாசனை. கூண்டுக்குள் குஞ்சுகள் அசையாமல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன. குளிர் முதலில் பாதத்தில் ஏறியது, பிறகு முழங்காலில், பிறகு இடுப்பில். வலி எதுவும் இல்லை. காதுக்குள் ஓடிக்கொண்டிருந்த இதயம் நடைக்கு வந்தது, நடை தளர்ந்தது, ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவில் ஒரு நீண்ட வெறுமை வந்தது.

ஒரு மூச்சு இழுத்தாள். விட்டாள்.

கதவுக்கு அடியில் கோடாகத் தெரிந்த வெளிச்சம் மங்கியது. ஏறியது. மங்கியது. ஏறியது. யாரோ விளக்குத் திரியைத் தூண்டித் தூண்டி இறக்குவது போல.

அது என்ன வெளிச்சம் என்று யோசிக்க ஆரம்பித்தாள். யோசனை முடிவதற்குள் தொட்டியில் ஐஸ் உருகிப் போயிருந்தது. புது ஐஸ் வந்திருந்தது. அதுவும் உருகியது. தாஜுதீன் வந்ததை அவள் பார்க்கவில்லை. ஒரு நிழல் குறுக்கே தெறித்தது. அவ்வளவுதான். சைக்கிள் மணியொலி பல்லி சொல்கிற மாதிரி ஒரு சிறு 'டிச்'. சற்றுப் பொறுத்து இன்னொரு 'டிச்'.

பகல்கள். அவை பகல்கள்.

எழுந்துவிட வேண்டும் என்று நினைத்தாள். நினைப்பு கழுத்திலிருந்து இறங்கிக் கைக்குப் போய்ச் சேர வெகுகாலம் பிடித்தது.

கதவருகே தட்டு ஒன்று தோன்றியது. சோறு. ஷரீபா வைத்ததாகத்தான் இருக்கும். "பெரியம்மா" என்று தொடங்கிய அவள் குரல் குருவிக் கீச்சாக உயர்ந்து அறுந்தது. தட்டு எறும்பால் கறுத்தது. வெறுமையானது. மறைந்தது. வேறு தட்டு. கதவு தட்டும் ஓசை, தகரத்தில் மழை விழுகிற மாதிரி படபடவென்று. ஆண் குரல்கள். கல்லூரி திறந்து, ஆளனுப்பித் தேடுகிறார்கள். நான் இங்கே இருக்கிறேன். சொல்ல நாக்கை அசைத்தாள். அது அசைவதற்குள் குரல்கள் போய்விட்டன. நிஜமான மழையும் வந்தது. ஈர மண் வாசனை ஒருமுறை மூக்கில் பட்டுப் போயிற்று. அவள் காத்திருந்த மழை. அது ஒரு மூச்சுக்குள் பெய்து முடிந்தது.

பயம்கூட மெதுவாகத்தான் வந்தது. வந்தது போகவில்லை.

உலகம் அவளை விட்டுவிட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவளைத் தேடி வந்தவர்கள் எல்லோரும் அவள் திரும்பிப் பார்ப்பதற்குள் வந்து, கூப்பிட்டு, அலுத்து, திரும்பிப் போனார்கள். சுவருக்கு அந்தப்பக்கம் சுல்தானாவின் அழுகை கேட்டது. அது மழலையானது. தரையில் தவழும் சரசரப்பு. பிறகு கொலுசு. தத்தித் தத்தி. பிறகு ஓட்டம்.

குழந்தை நடக்கிறது.

ஒரு மத்தியானம். எந்த மாதத்து மத்தியானமோ. நிழல் தெறித்தது, 'டிச்' என்றது, ஐஸ் வந்தது. வெளிச்சக் கோடு மட்டும் மறையவில்லை. அகன்றது. கதவு சரியாகச் சாத்தப்படவில்லை.

கொலுசுச் சத்தம்.

மணிகளைக் கையில் அள்ளி உலுக்கினாற்போல ஒரே கலகலப்பு. அறைக்குள்ளே. இங்கே. அங்கே. கண்ணால் தொடர முடியவில்லை. சிவப்புச் சட்டையின் சாயம் மட்டும் காற்றில் இழுபட்டது. கூண்டுக்கருகே. தொட்டிக்கருகே. பிறகு, அவள் மடியில்.

ஈரத்தில் வழுக்கி விழுந்திருக்கும். இரண்டு சின்னக் கைகள் அவள் மணிக்கட்டைப் பற்றியிருந்தன.

சூடு.

அப்பா, என்ன சூடு. மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கு, முழங்கையிலிருந்து நெஞ்சுக்கு. நெஞ்சு ஒருமுறை அடித்தது. உடனே மறுமுறை. விரல் நுனிகள் விழித்துக்கொண்டன. தன்னைத் தொட்டவள் யார் என்று அவளுக்குத் தெரிந்தது. ஷரீபாவின் பிள்ளை. தள்ளிவிடு. வெளியே அனுப்பு. கையை எடு.

கை எடுபடவில்லை. மூடிக்கொண்டது.

எத்தனை காலம். எத்தனை காலம் கழித்து ஒரு மனுஷச் சூடு. இன்னும் கொஞ்சம். ஒரு மூச்சு நேரம் மட்டும்.

சாயமாக இழுபட்ட முகம் மெல்ல மெல்ல முகமாகத் திரண்டது. கன்னம் தெரிந்தது. நெற்றிச் சுருள் தெரிந்தது. கீச்சென்று கேட்ட அழுகை இறங்கி, இறங்கி, அழுகையாகவே கேட்டது. பிறகு முனகலாக. பிறகு அதுவும் இல்லை. உதறிக்கொண்டிருந்த கால்கள் சாவகாசமாக உதறின. கொலுசு ஒரு மணியாக ஒலித்தது. வெகுநேரம் கழித்து இன்னொரு மணி.

இப்போது குழந்தை அவள் வேகத்துக்கு வந்திருந்தது.

வாசல் பக்கம் ஷரீபாவின் குரல், விட்டுவிட்டு, ஈ பறக்கிற மாதிரி. சுல்தானா. சுல்தானா. சுல்தானா. வெளிச்சம் மங்கியது. ஏறியது. அந்தக் குரல் நிற்கவில்லை. கதவு எப்போதோ காற்றில் அறைந்து சாத்தி, உள்தாழ் விழுந்திருந்தது. இருட்டில் கூண்டுக் குஞ்சுகள் ஒவ்வொன்றாக இறங்கி வந்து குழந்தையின் கழுத்துக் குழியில் ஒட்டிக்கொண்டன.

அம்சவள்ளி குனிந்து பார்த்தாள். பிடியிலிருந்த விரல்கள் அவள் விரல்களைப் போலவே இருந்தன. சூடும் இல்லை, குளிரும் இல்லை.

குழந்தை அழவில்லை. அவளையே நிமிர்ந்து பார்த்தது. பிறகு கண்ணை மூடத் தொடங்கியது, மிக மெதுவாக. மேல் இமை அசையவே இல்லை. கீழ் இமை மட்டும் எழும்பி, கருவிழியை மறைத்துக்கொண்டு, மேலே, மேலே ஏறிக்கொண்டிருந்தது.